ஹோம் பிளேட் பக்கத்தில் கிடக்கும் பேட்டை அம்பயர் எடுக்கலாமா?

டாலஸ் அப்பா:

டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். மகள் சாஃப்ட்பாலில் (பேஸ்பாலுக்குத் தங்கை மாதிரியான ஆட்டம்) சேர்ந்த புதிதில் சனிக்கிழமை முழுக்க மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தேன். எப்படியும் காயத்தான் போகிறோம், உள்ளே இறங்கியே காய்வோம் என்று அம்பயர் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். இது மூன்றாவது சீசன். பெரும்பாலும் 12 வயதுக்குட்பட்ட பெண்களின் ஆட்டங்கள். மகள் ஆடும் அணிக்கு என்னைப் போட மாட்டார்கள். அதில் இரண்டு பேருக்கும் நிம்மதி.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நான். (பேட் பிடிப்பவள் அதன் பக்கத்தில் நிற்பாள், கீப்பர் மாதிரி கேட்சர் பின்னால். ரன்னர் மூன்று பேஸையும் தாண்டி வந்து அதைத் தொட்டால் ரன், அதற்குள் கேட்சர் பந்தோடு அவளைத் தொட்டால் அவுட்.) கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் 5-5, ஒரு அவுட், இரண்டாவது பேஸில் ரன்னர். ஆட வந்த பெண் இடது பக்கம் சுளீரென்று ஒன்று அடித்துவிட்டு, பேட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பேட் உருண்டு போய் பிளேட்டுக்கு இரண்டடி முன்னால், மூன்றாவது பேஸ் கோட்டின் மேல் குறுக்கே படுத்துக்கொண்டது. ரன்னர் சறுக்கி வரும் வழி சரியாக அதுதான்.

எனக்கு ஏப்ரல் மாதம் ஞாபகம் வந்துவிட்டது. இதே மைதானம், இதே மாதிரி ஒரு பேட். அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓடி வந்த குழந்தை கைப்பிடியை மிதித்தாள், பேட் உருண்டது, கணுக்கால் மடங்கியது. மீதி ஆட்டம் முழுக்க காலில் ஐஸ் பையோடு டக்அவுட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

அதனால் இந்த முறை குனிந்தேன். பேட்டை எடுத்துப் பின்னால் வலைப்பக்கம் வீசினேன். இரண்டு நொடிதான் இருக்கும். நிமிர்ந்தால் கேட்சரும் ரன்னரும் ஒரே புழுதிக்குள் கிடக்கிறார்கள். பந்து கேட்சரின் கிளவுஸுக்குள் இருக்கிறது, கிளவுஸ் ரன்னரின் தோளில் இருக்கிறது, ரன்னரின் கால் பிளேட்டின் மேல் இருக்கிறது. எது முதலில் பட்டது? நான் பார்க்கவில்லை. கையை விரித்து ‘சேஃப்’ என்றேன். ஆட்டம் முடிந்தது.

தோற்ற அணியின் கோச் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பக்கத்தில் வந்து, “ப்ளூ, நிஜமாகவே பார்த்தீர்களா?” என்று கேட்டார். (இங்கே அம்பயரைச் சட்டை நிறத்தை வைத்து ‘ப்ளூ’ என்றுதான் கூப்பிடுவார்கள்.) நான் என்னவோ முனகினேன். பேஸ் அம்பயரைக் கேட்டதற்கு, அவர் அடித்த பெண் முதல் பேஸைத் தாண்டி ஓடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். கார் நிறுத்தும் இடத்தில் சொன்னார்: “பேட் பொறுக்குவது நம் வேலையே இல்லை. நம் கண்ணுக்குத்தான் காசு.”

எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். அம்பயர் என்றாலே தலையில் தொப்பிக்கு மேல் தொப்பி, இடுப்பில் இரண்டு ஸ்வெட்டரைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். பௌலர் தொப்பியைக் கழற்றி நீட்டினால் வாங்கிக்கொள்வார். 2020-ல் கொரோனா என்று ஐசிசி அதை நிறுத்தியது வரைக்கும் யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. இங்கே பேட், மாஸ்க், ஹெல்மெட் எல்லாம் காலடியில் கிடக்கும்போது நான் மட்டும் கைகட்டி நிற்பதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எடுப்பதா, விடுவதா?


ஜெர்சி மாமா:

தம்பி, நியூஜெர்சியில் 17 வருஷமாக இந்த நீலச் சட்டையைத் துவைத்துப் போடுகிறேன். உங்கள் பார்ட்னர் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் சொன்னது சரி. பந்து ஆட்டத்தில் இருக்கிற வரைக்கும் குனியாதீர்கள். ‘டைம்’ கொடுத்து ஆட்டத்தை நிறுத்திய பிறகு எதை வேண்டுமானாலும் எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள்.

ஏன் என்றால், முதலில் கையைக் கணக்குப் போடுங்கள். பந்தை அடித்ததும் மாஸ்க்கைக் கழற்றி இடது கையில் பிடித்திருப்பீர்கள். பந்து எண்ணும் கிளிக்கரும் அதே கையில். வலது கை தீர்ப்புச் சொல்ல. அதில் பேட்டை எடுத்தால் அவுட் எப்படிக் காட்டுவது? நான் கற்றுக்குட்டியாக இருந்தபோது ஒரு தடவை வலது கையில் பேட்டோடு அவுட் கொடுத்தேன். பார்த்தவர்கள் நான் அந்தப் பெண்ணை அடிக்கப் போகிறேன் என்று நினைத்தார்களாம். வீடியோ எடுத்தவர் வேறு இருந்தார்.

அடுத்தது விதி. யுஎஸ்ஏ சாஃப்ட்பால் விதியில் மைதானத்தில் கிடக்கலாம் என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. அடித்தவரின் பேட், கேட்சரின் மாஸ்க், தற்செயலாகத் தலையிலிருந்து விழுந்த ஹெல்மெட், அம்பயரின் சாமான்கள். (ஆமாம், நம் சாமானும் அதில் இருக்கிறது.) இவற்றில் பந்து தானாக வந்து பட்டால் ஆட்டம் தொடரும். அதைத் தவிர உதிரிக் கிளவுஸ், இரண்டாவது பேட், தண்ணீர் பாட்டில் என்று எது கிடந்து பந்து அதில் பட்டாலும் பந்து தடைப்பட்டதாகிவிடும், ஆட்டம் நிற்கும். பேட் செய்யும் அணியின் பொருள் என்றால், யாரை அவுட்டாக்கப் பார்த்தார்களோ அந்த ரன்னர் அவுட். தடுக்கும் அணியின் பொருள் என்றால் ரன்னர்களுக்கு இரண்டு பேஸ். கிரிக்கெட்டில் கீப்பருக்குப் பின்னால் வைத்த ஹெல்மெட்டில் பந்து பட்டால் 5 ரன் கொடுக்கிறார்களே, அந்தச் சாதிதான் இதுவும்.

இப்போது உங்கள் பேட்டுக்கு வாருங்கள். அது விழுந்த இடத்தில் கிடந்தால் யாரும் உங்களைக் கேட்க முடியாது. நீங்கள் அதை எடுத்து வலைப்பக்கம் வீசிவிட்டீர்கள். எறிந்த பந்து கேட்சரைத் தாண்டி வந்து, அந்த பேட்டில் பட்டு டக்அவுட் பக்கம் தெறித்திருந்தால்? பேட்டை அங்கே வைத்தது யார்? அம்பயர். உங்களுக்கு அன்றைக்கு அதிர்ஷ்டம், அது நடக்கவில்லை.

அப்படியானால் யார் எடுப்பது என்றால், அடுத்து ஆட வேண்டிய பெண். மூன்றாவது பேஸிலிருந்து வருபவளுக்குச் சைகை காட்ட அவள் தான் காத்து நிற்கும் வட்டத்தை விட்டு வெளியே வரலாம். நல்ல கோச் அப்படி வரும்போதே பேட்டையும் இழுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆனால் சீக்கிரம் வர வேண்டும், இல்லையென்றால் வரவே கூடாது. பந்து நெருங்கும்போது கேட்சர் மேல் மோதி வேலையைக் கெடுத்தால், ஹோம் பிளேட்டுக்கு மிக அருகில் இருக்கும் ரன்னர் அவுட். பேட்டைக் காப்பாற்றப் போய் ரன்னைப் பறிகொடுத்த அணியை நான் பார்த்திருக்கிறேன்.

நான் செய்வது: ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கோச்சும் பிளேட் பக்கம் வரும்போது ஒரே வரி. “பேட்டை எடுப்பது உங்கள் பெண்கள் வேலை, நான் எடுக்க மாட்டேன்.” அவ்வளவுதான். இதற்குப் பிறகு முக்கால்வாசி சிக்கல் வராது.

டிவியில் மேஜர் லீக் அம்பயர் பேட்டை எடுத்து வீசுகிறாரே என்று கேட்பீர்கள். அங்கே நான்கு அம்பயர்கள் நிற்கிறார்கள். உங்களுக்கு இருப்பது ஒரு பார்ட்னர், அவரும் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.


கேட்சர் அம்மா:

மாமா சொல்வது எல்லாம் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு புதிதாக வரும் அம்பயர்கள் எதையுமே தொடாமல் சிலை மாதிரி நின்றுவிடப் போகிறார்கள் என்று பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என் பெண் ஆறு வருஷமாகக் கேட்சர். மேலே பந்து போனதும் மாஸ்க்கைக் கழற்றி வீசுவாள், அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். பந்தைப் பிடித்துவிட்டுத் திரும்பினால் ஒரு அம்பயர் மாஸ்க்கை எடுத்து, மண்ணைத் தட்டி, கையில் கொடுப்பார். ஜூலை வெயிலில், காலில் ஷின் கார்டோடு நூறு முறை உட்கார்ந்து எழும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று கேட்டில் தொங்கிக்கொண்டு பார்க்கும் எனக்குத் தெரியும். ஒரு தடவை பேட்டில் உரசிய பந்து அவள் தொண்டைப் பக்கம் அடித்துவிட்டது. அந்த அம்பயர் ஒன்றுமே கேட்கவில்லை. முன்னால் போய், ப்ரஷ்ஷை எடுத்து, ஏற்கெனவே பளிச்சென்று இருந்த பிளேட்டை நிதானமாகக் கூட்டினார், கூட்டினார், கூட்டிக்கொண்டே இருந்தார். இவள் மூச்சு சீராகிற வரைக்கும். அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

இன்னொரு அம்பயர், இன்னிங்ஸ் இடைவேளையில் அவளுக்கு ஷின் கார்டு கொக்கி மாட்டிவிட்டார். எதிரணி கோச் “பார், ப்ளூ யார் பக்கம்” என்று காது பட முணுமுணுத்தார். இருப்பதே கொஞ்ச நேரம். அதற்குள் தயாராகவில்லை என்றால் அந்த அம்பயர்தானே அவசரப்படுத்துவார்? சரி, அது கொஞ்சம் அதிகம்தான் என்று பிறகு எனக்கே தோன்றியது. உடம்பில் மாட்டிவிடுவது அணிக்காரர்கள் வேலை.

டாலஸ் அப்பாவுக்கு ஒன்று: ஏப்ரலில் கால் மடங்கிய பிள்ளைக்காகத்தான் குனிந்தீர்கள். தீர்ப்பு தப்பாகியிருக்கலாம். ஆனால் ஒரு ரன்னா, ஒரு கணுக்காலா என்றால் எந்த அம்மாவும் என்ன சொல்வாள் என்று உங்களுக்குத் தெரியும்.


ஜெர்சி மாமா:

அம்மா, கணுக்கால் வாதத்துக்கு நான் எதிராகப் பேச முடியாது. ஒரே ஒரு விலக்கு வைத்திருக்கிறேன், இங்கேயே சொல்லிவிடுகிறேன். பந்து இன்னும் அவுட்ஃபீல்டிலேயே உருண்டுகொண்டிருக்கிறது, எடுக்க யாரும் வரவில்லை, பேட் என் காலுக்கு எட்டுகிறது. அப்போது காலால் ஒரு தள்ளு, கோட்டுக்கு வெளியே. தலை நிமிர்ந்தே இருக்க வேண்டும், கண் பந்தை விடக்கூடாது. குனிந்தால் தொலைந்தது.


பழைய பி.டி. வாத்தியார்:

நீங்கள் பேசுவதைப் படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வருகிறது. திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பெண்களுக்கு சாஃப்ட்பால் டீம் கட்டினேன். டீம் என்றால் என்ன, ஒன்பது பிள்ளைகள், ஐந்து கிளவுஸ், இரண்டு அலுமினிய பேட், ஒரே ஒரு கேட்சர் செட். பக்கத்து ஊர்ப் பள்ளியில் நான்கு கிளவுஸ். இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு ஆட்டம்.

அதனால் எங்கள் மைதானத்தில் கிளவுஸ் தரையில் கிடப்பதுதான் வழக்கம். மூன்றாவது அவுட் விழுந்ததும் தடுத்து ஆடியவர்கள் கிளவுஸை நின்ற இடத்திலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த அணி வந்து அதையே மாட்டிக்கொள்ளும். வேர்வையில் நனைந்த கிளவுஸை மாட்டமாட்டேன் என்று முகம் சுளித்த பிள்ளையும் இருந்தது, வெறுங்கையில் ஒரு பந்தைப் பிடித்ததும் தானாகச் சரியாகிவிட்டது. இடது கைப் பிள்ளை ஒன்று இருந்தாள். அவளுக்கென்று கிளவுஸ் கிடையாது. மற்றவர்கள் கிளவுஸையே மாற்றிக் கையில் செருகிக்கொண்டு, சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரலோடு மாவட்டப் போட்டி வரைக்கும் ஆடினாள்.

அம்பயரும் நான்தான். சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டதும் நான், கேட்சர் செட்டை இந்த அணியிடமிருந்து கழற்றி அந்த அணிக்கு மாட்டிவிட்டதும் நான். யார் பக்கம் என்று கேட்டால், செட்டின் பக்கம்! சாயந்திரம் சாக்குப் பையில் போட்டு எண்ணி பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். ஒன்று குறைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் நான் பதில் எழுத வேண்டும். அப்படி இருக்கும்போது பேட் கிடந்தால் எடுக்காமல் இருப்பேனா?

ஆனால் உங்கள் பார்ட்னர் சொன்னது என்னையும் ஒரு நாள் கடித்திருக்கிறது. பிள்ளைகள் கிளவுஸை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஒன்று மட்டும் இரண்டாவது பேஸ் பக்கம் யாரும் எடுக்காமல் கிடக்கிறது. இன்னிங்ஸ் ஆரம்பித்துவிட்டது. எனக்கு அதன் மேலேயே கண், சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தாலும் ஏறிவிடுமே என்று. (எங்கள் மைதானத்தில் சைக்கிள் வரும்.) அடுத்த பந்து தரையோடு போய்ச் சரியாக அந்தக் கிளவுஸில் பட்டு நின்றது. விதி எனக்கு அப்போது தெரியாது. மறுபடி ஆடு என்று சொன்னேன். பக்கத்து ஊர் வாத்தியார் என் நண்பர்தான், ஒரு வாரம் டீ குடிக்க வரவில்லை. மாமா சொன்னதைப் படித்த பிறகுதான் தெரிகிறது, அது தடைப்பட்ட பந்து என்று. ஆனால் கிளவுஸ் இரண்டு பள்ளிக்கும் பொதுச் சொத்து. யார் கணக்கில் எழுதுவது, சொல்லுங்கள் மாமா?


சிகாகோ ராத்திரி ஷிப்ட்:

வாத்தியார் சார், உங்கள் பள்ளி ஒன்றும் உலக அதிசயம் இல்லை. மேஜர் லீக் பேஸ்பாலிலேயே ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. ஆடப் போகும்போது கிளவுஸை மைதானத்திலேயே விட்டுவிட்டுப் போவார்கள், எதிரணி அதைச் சுற்றிச் சுற்றி ஓடும். 1954-ல் இருந்துதான் எல்லாவற்றையும் டக்அவுட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்று விதி வந்தது.

சாஃப்ட்பாலே இந்த ஊரில்தான் பிறந்தது. 1887, ஒரு படகு கிளப்பின் உள்ளே, சுருட்டிக் கட்டிய பாக்ஸிங் கிளவுஸ்தான் பந்து, துடைப்பக் கட்டைதான் பேட். இன்றைக்கும் சிகாகோவில் 16 அங்குலப் பந்தை வெறுங்கையால் பிடித்து ஆடுகிறார்கள். கிளவுஸ் தரையில் கிடக்குமே என்ற கவலையே கிடையாது. விரல்தான் கோணிக்கொள்ளும்.

பேட் பொறுக்கும் கதைக்கு ஒன்று சொல்லாமல் போக முடியாது. 2002 வேர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்), ஐந்தாவது ஆட்டம், சான் ஃபிரான்சிஸ்கோ. அந்த ஊர் அணியின் மேனேஜர் டஸ்டி பேக்கரின் மகன் டேரன், வயது மூன்று, பேட் எடுக்கும் பையனாக டக்அவுட்டில் நிற்கிறான். கென்னி லாஃப்டன் அடித்துவிட்டு ஓட, இவன் பேட்டை எடுக்க நேராக பிளேட்டுக்கு ஓடிவிட்டான். ரன்னர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். முதலில் பிளேட்டைத் தொட்ட ஜே.டி. ஸ்னோ அப்படியே அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். பின்னாலேயே இன்னொரு ரன்னர். அதற்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே யாரும் அந்த வேலைக்குக் கூடாது என்று வைத்துவிட்டார்கள். டேரன் 2024-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்கு ஆடவே வந்துவிட்டான். உங்கள் கேள்விக்கு இது பதில் இல்லை. பேட் கிடந்தால் யாருக்காவது கை துறுதுறுக்கும், அதற்காகச் சொன்னேன்.


ஜெர்சி மாமா:

வாத்தியாருக்கு: பொதுச் சொத்தாக இருந்தாலும், அப்போது அதை மாட்டியிருக்க வேண்டியவர்கள் தடுக்கும் அணிதான். அவர்கள் கணக்கு. இப்போது போய் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.


டாலஸ் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டு ஆட்டம் செய்தேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிளேட் பக்கம் கோச்சுகள் வந்தபோது மாமாவின் வரியைச் சொன்னேன். ஒருவர் தலையாட்டினார். இன்னொருவர், “போன வாரம் நடந்ததைக் கேள்விப்பட்டேன்” என்றார். சின்ன ஊர்.

முதல் ஆட்டம், நான்காவது இன்னிங்ஸ். கிட்டத்தட்ட அதே மாதிரி அடி, அதே மாதிரி பேட், இந்த முறை பிளேட்டின் மூலையிலேயே கிடந்தது. கை துறுதுறுத்தது, பொய் சொல்லவில்லை. மாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அதற்குள் அடுத்து ஆட வேண்டிய பெண் ஓடி வந்தாள். ஹெல்மெட்டுக்குள் அவளைத் தேட வேண்டும், அவ்வளவு சின்னப் பிள்ளை. பேட்டின் கைப்பிடியைப் பிடிக்காமல் தடித்த முனையைப் பிடித்து இழுத்தாள். மண்ணில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. அவள் ஒதுங்கினதும் பந்து வந்தது. கேட்சரின் கிளவுஸ் ரன்னரின் முழங்காலுக்கு மேலே பட்டது, அப்போது கால் பிளேட்டுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. எல்லாமே தெரிந்தது. அவுட் கொடுத்தேன். ரன்னரின் கோச் உட்பட யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் நல்ல காற்று, பிளேட் அடிக்கடி மண்ணால் மூடிப்போனது. நானும் கூட்டிக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு பந்து உரசி மேலே போக, கேட்சர் மாஸ்க்கை வீசிவிட்டு வலைப்பக்கம் ஓடினாள். நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவள் நடுவில் எதையோ மிதித்துத் தடுமாறி, சுதாரித்து, பந்தையும் பிடித்துவிட்டாள். அவுட். ‘டைம்’ கொடுத்துவிட்டு, கேட்சர் அம்மாவை நினைத்துக்கொண்டு, மாஸ்க்கை எடுத்து மண்ணைத் தட்டிக் கொடுத்தேன்.

அவள் அதை வாங்கிக்கொண்டு, குனிந்து, தான் மிதித்ததை எடுத்து என்னிடம் நீட்டினாள். என் ப்ரஷ்.